பத்துத் தம்ளர் மோர்

ராயபுரம், சென்னை
11-6-1953, வியாழக்கிழமை

கர்த்தருக்குள் பிரியமுள்ள அண்ணன் தேவப்பிரியம் அவர்களுக்கும் அண்ணிக்கும், தங்கை சுகிர்தம் அநேக தோத்திரங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் அவரும் ஞானதுரையும் தேவகிருபையால் உயிரோடும், கொஞ்சம் வெட்கத்தோடும் இருக்கிறோம். வெட்கம் எதனால் என்பதைத் தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம் இவ்வளவு கனமாக வருகிறது. அவ்விடத்தில் உங்கள் இருமல் எப்படி இருக்கிறது என்பதையும், அண்ணியின் முழங்காலுக்கு நான் காய்ச்சி அனுப்பிய எண்ணெய் முழங்காலில் இருக்கிறதா, இன்னும் அலமாரியில்தான் இருக்கிறதா என்பதையும் ஒளிக்காமல் எழுதவும்.

உங்கள் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. பாங்கி இண்டர்வியூ என்ன ஆயிற்று, ஒரே வரியில் எழுது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே வரியில் எழுதுவதானால், மோரினால் கெட்டது. ஆனால் கோலார் தங்கவயலில் உட்கார்ந்துகொண்டு அந்த ஒரு வரியைப் படித்தால் என் புத்தி பேதலித்துவிட்டது என்று அண்ணி அழ ஆரம்பித்துவிடுவார்கள். ஆகையால் முதலிலிருந்து சொல்கிறேன். உங்களைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாத ஒரு சங்கதியும் இதில் இருக்கிறது. அந்த இடம் வரும்போது அண்ணிக்குச் சத்தம் போட்டு வாசித்துக் காட்டாமல் உங்கள் மனதுக்குள்ளேயே வாசித்துக்கொள்ளுங்கள்.

நான் பள்ளிக்கூடத்து வாசற்படியை மிதிக்காதவள், நீங்கள் தூங்கின பிறகு உங்கள் சிலேட்டைத் திருடி எழுத்துப் படித்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். திருடிப் படித்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு அண்ணா, கண்ணில் படுவதையெல்லாம் எழுதி வைத்தால்தான் மனம் ஆறும். அவர் துறைமுகத்திலிருந்து கொண்டு வரும் பழைய தாள்களின் பின்பக்கத்தைத் தைத்து நான் வைத்திருக்கும் நோட்டில் பால்காரன் வராத நாள், வண்ணானுக்குப் போட்ட துணி எல்லாம் இருக்கும். கடைசிப் பக்கங்களில் ஜெபக் கணக்கு. இடது பக்கம் கேட்டது, வலது பக்கம் கிடைத்தது. வலது பக்கம் காலியாக இருக்கிற வரிகளுக்காக நான் கர்த்தரை நெருக்குகிறதில்லை. ஆனால் அடித்துவிடுகிறதுமில்லை. ஜனவரி மாதத்திலிருந்து இடது பக்கத்தில் ஒரே வரிதான் மறுபடி மறுபடி எழுதப்பட்டிருக்கிறது: ஞானதுரைக்குப் பாங்கி வேலை.

ஏன் பாங்கி என்று கேட்பீர்கள். கப்பலில் இருந்து இறங்குகிற பெட்டிகளின் குறியைப் பார்த்துப் பார்த்து எழுதி அவருடைய கண் போய்விட்டது. மூன்று என்றால் எட்டு என்கிறார். போன மாதம் சோப்புப் பெட்டிகளைத் தேயிலை என்று எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துக்கொண்டார். அக்டோபரோடு வேலையை விடவேண்டும். ஞானதுரைக்கு வருகிற ஆகஸ்டில் இருபத்தைந்து முடிந்தால் பிறகு எந்தப் பாங்கியும் அவனுடைய மனுவைத் தொடாது. நீங்கள் அங்கே சுரங்க ஸ்டோரில் ஒரு குமாஸ்தா வேலையை அவனுக்காகப் பிடித்து வைத்திருப்பது பெரிய உபகாரம், மறக்கவில்லை. ஆனாலும் இருக்கிற ஒரே பிள்ளையைப் பங்காருப்பேட்டையில் வண்டி மாறிப் போகிற தூரத்துக்கு அனுப்பிவிட்டால், கண் தெரியாத மனுஷனை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு யார் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது? நான் பிடிக்கலாம். வீதியில் பெண்டாட்டி கையைப் பிடித்து நடக்க அவர் சம்மதிக்க வேண்டுமே. அதனால்தான் பாங்கி.

மனுவை எழுதி முடித்து, மூன்று நாள் ஜெபத்தில் வைத்திருந்து, நாலாம் நாள் தபாலில் போட்டேன். மற்றப் பிள்ளைகள் ஜெபம் பண்ணாமல் அன்றைக்கே போட்டிருக்கிறார்கள். ஆகவே பதினாலு பேரில் இவனுக்குப் பதினாலாம் நம்பர். போன வாரம் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லிக் கார்டு வந்தது. நானும் புடவை மாற்றிக்கொண்டு வருவதைப் பார்த்து ஞானதுரை, "அம்மா, என்னை ஸ்கூல்ல சேக்கவா போறே? நீ எதுக்கும்மா?" என்றான். அவன் போட்டிருந்தது எதிர்வீட்டுக்காரருடைய கோட்டு. "நான் உன்னோடு வரவில்லையடா, கோட்டோடு வருகிறேன். அதைக் கிழியாமல் திருப்பிக் கொடுக்கவேண்டியவள் நான்" என்றேன்.

பாங்கியைப் பற்றி என்ன எழுத. கோயிலைவிட உயரம், கோயிலைவிட நிசப்தம். தேசப்பன் என்று ஒரு பியூன், இடுப்பில் பித்தளை டவாலி, மனுப் போட்டவர்கள் மட்டும் வராந்தாவில் நிற்கலாம், கூட வந்தவர்கள் வெளியே வாதாமரத்தடிக்குப் போகவேண்டும் என்றார். மரத்தைச் சுற்றிக் கருங்கல் கட்டியிருந்தது. ஒன்பது மணிக்கே அது தோசைக்கல். நான் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தபோதுதான் கன்னியம்மா வந்தாள். காசிமேட்டில் மீன் விற்கிறவள். விடியற்காலை ஏலத்தில் எடுத்ததை விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு வந்திருந்தாள். அவள் மகன் திருமலை பதின்மூன்றாம் நம்பர். அவர்கள் குப்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேறினவன் அவன் ஒருவன்தான்.

"இன்னாம்மா, கொக்கு மாதிரி நின்னுகினு கீறே? குந்து."

"கல்லு சுடுதும்மா."

உடனே அவள் கூடைக்கு அடியில் தலையில் வைத்துக்கொள்கிற துணிச் சும்மாட்டை எடுத்துக் கல்மேல் போட்டாள். "இதும்மேல குந்து. மீன் நாத்தம் அடிக்கும், கொஞ்சம் மூக்கப் புடிச்சுக்க. மூக்கா பெருசு, காலு பெருசும்மா." தான் சுடுகல்லிலேயே உட்கார்ந்துகொண்டாள். இந்தச் சும்மாட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா.

முதல் நம்பர் லோகநாதன் என்று திருவொற்றியூர்ப் பையன். உள்ளே போய்க் கால்மணி நேரம் கழித்து வந்தான், கழுத்துப்பட்டை ஊறிப்போயிருந்தது. குடிக்க என்னிடம் தண்ணீர்க் கூஜா இருந்ததால் மரத்தடிக்கு வந்தான். என்ன கேட்டார்கள் என்றேன். உள்ளே மூன்று பேர், நடுவில் கண்ணாடிக்காரர் ஒருவர்தான் பேசுகிறவராம். பாங்கிக்குள் வர எத்தனை படி ஏறினாய் என்றாராம். "பாக்கலை சார், தலையைக் குனிஞ்சுகினே வந்தேன்" என்றானாம் இவன். "தலை குனிந்து வந்தவனுக்குத்தானே அப்பா படி தெரியவேண்டும்" என்றாராம் அவர். நான் நோட்டை எடுத்து, முதல் நம்பர், படி எத்தனை, என்று எழுதிக்கொண்டேன். வேறொரு நினைப்பும் இல்லை, கை எழுதியது.

"ஏளு" என்றாள் கன்னியம்மா. "கூடையோட ஏறினேன், அந்தப் பியூன் எறக்கி வுட்டான். ஏறச்சொல்லோ ஏளு, எறங்கச்சொல்லோ ஏளு."

இரண்டாம் நம்பருக்கு உள்ளே போகுமுன் தாகம் எடுத்தது. தண்ணீரோடு ஏழையும் சேர்த்துக் கொடுத்தேன். அவன் வந்து, படிக்குச் சரியாகச் சொன்னேன் அம்மா, உடனே ஜன்னல் எத்தனை என்று கேட்டுவிட்டார் என்றான். நான் மூன்றாம் நம்பரை ஜன்னல் எண்ண அனுப்பினேன். அவன் திரும்பி வந்து தூண் எத்தனை என்று கேட்டதாகச் சொன்னான். இப்படியே பத்தரை மணிக்குள், கோட்டுப் போட்ட பிள்ளைகள் நாலைந்து பேர் விரலை நீட்டி உதட்டை அசைத்துக்கொண்டு பாங்கியைச் சுற்றிச் சுற்றி வர ஆரம்பித்துவிட்டார்கள். தேசப்பன் ஓடிவந்து, "இன்னாபா, எல்லாரும் சுத்திகினே கீறீங்க? இது இன்னா கோயிலா?" என்று சத்தம் போட்டார். அதற்குக் கன்னியம்மா, "வேலை குடுக்கறது எதுவானாலும் சுத்த வேண்டியதுதான் நைனா. உன்னையும் ஒரு நாளு சுத்தித்தானே உள்ள வுட்டாங்க" என்றாள். அவர் டவாலியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

படியும் ஜன்னலும் மாறிக்கொண்டே இருந்தாலும் ஒரு கேள்வி மட்டும் எல்லாருக்கும் ஒன்றாகவே இருந்தது. பட்டணத்தில் பெரிய மனுஷர் ஒருவர், கோபக்காரர், அவசரமாகச் செக்கைக் கொண்டுவந்து நீட்டுகிறார். கையெழுத்தோ பாங்கியில் இருக்கிற அவருடைய பழைய கையெழுத்தைப்போல் இல்லை. நீ என்ன செய்வாய்? லோகநாதன், பெரிய மனுஷர்தானே, கொடுத்துவிடுவேன் என்றானாம். இரண்டாமவன், கொடுக்க மாட்டேன், போகச் சொல்வேன் என்றானாம். மூன்றாமவன் போலீசைக் கூப்பிடுவேன் என்றிருக்கிறான். மூன்றுக்கும் கண்ணாடிக்காரர் "ஹூம்" என்றாராம். மூன்று ஹூமையும் எழுதிக்கொண்டேன்.

எனக்குப் பாங்கியைப் பற்றி என்ன தெரியும்? வீட்டைப் பற்றித் தெரியும். வீட்டுக்காரர் கோபமாய் வந்து கதவைத் தட்டினால் நாம் என்ன செய்கிறோம்? உட்காரச் சொல்லி ஒரு தம்ளர் மோரைக் கொடுத்துவிட்டு, உள்ளே போய்ப் பெரியவர்களைக் கேட்டு வருகிறோம். எப்பேர்ப்பட்ட கோபக்காரரும் வாயில் தம்ளர் இருக்கிறவரைக்கும் திட்ட முடியாது, பாருங்கள். இதை அப்படியே தெளிவான எழுத்தில் எழுதினேன்: "ஐயா, அவரை மரியாதையாக நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு தம்ளர் மோர் கொடுத்து, அவர் குடித்து முடிப்பதற்குள் செக்கை மேலதிகாரியிடம் காட்டி, அவர் சொற்படி செய்வேன்." நாலாம் நம்பர் அதை வாசித்துவிட்டுப் போனான். கண்ணாடிக்காரர் மேஜையைத் தட்டி "பேஷ்" என்றாராம்! அந்த பேஷைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை அண்ணா. உங்கள் சிலேட்டில் முதன்முதலில் என் பெயரை எழுதிப் பார்த்த அன்றைக்குக்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொருவனும் தன் முறைக்குச் சற்று முன்னால் தேசப்பனிடம் தாகம் என்று சொல்லிவிட்டு மரத்தடிக்கு வந்தான். "அம்மா, மோர்ப் பக்கம் காட்டுங்கம்மா." காட்டினேன். மனப்பாடம் ஆகிறவரை ஒப்பிக்கச் சொன்னேன். வண்ணாரப்பேட்டையில் இருந்து வந்த பஷீர் என்கிற பிள்ளை, பன்னிரண்டாம் நம்பர், அவன் மட்டும் தகராறு பண்ணினான். "எங்க வூட்டுக்கு வர்றவங்களுக்கு மோர் குடுத்தா எங்க அம்மா வூட்டை விட்டே தொரத்திடுவாங்கம்மா. சர்பத் வச்சுக்கலாமே?" என்றான். பாங்கியில் சர்பத் ஆடம்பரம், மோர்தான் அடக்கம் என்று அவனை இணங்க வைத்தேன். உள்ளே போய் மோர் என்று சொல்லிவிட்டு, மனசு கேட்காமல், "ஆனா ஐஸ் போட்டு, சார்" என்று சேர்த்துக்கொண்டானாம்.

இதற்கு நடுவில் ஞானதுரை ஒரு தடவை வந்தான். கோட்டுக் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, "அம்மா, எல்லாருக்கும் எடுத்துக் குடுத்துக்கினே இருக்கியே, எனக்கு இன்னா மிச்சம்?" என்றான். கர்த்தருடைய ஈவு குறையாது, போய் நில் என்றேன். வாய்தான் சொல்லியது. அந்த "எனக்கு இன்னா மிச்சம்" என்பது காதைவிட்டுப் போகவில்லை.

இனிமேல் எழுதுவதுதான் மனதுக்குள் வாசிக்கவேண்டியது.

அடுத்தது திருமலையின் முறை. அந்தப் பையனைக் காலையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் ஜன்னல் எண்ண ஓடியபோது அவன் ஓடவில்லை. வரும்போதே எண்ணிவிட்டானாம். தூணையும் எண்ணியிருக்கிறான். கட்டுமரத்தில் உட்கார்ந்து பாடம் படித்தவன். கிழிந்த சட்டையைத் தானே தைத்துப் போட்டிருந்தான், தையல் நேராக இருந்தது. பாங்கியில் காலியிடம் எத்தனை என்பது யாருக்கும் தெரியாது. ஒரே இடம் என்றால் அது இவனுக்குத்தான் என்று எனக்குப் பட்டது. கன்னியம்மா விடியுமுன் எழுந்த அலுப்பில் மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். திருமலை என் முன்னால் வந்து குனிந்து, "அம்மா, நானும் பாக்கலாமா?" என்று பணிவாகக் கேட்டான். நான் நோட்டை அவன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, படியைக் காட்டினேன், ஜன்னலைக் காட்டினேன், அப்புறம் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டதுபோல் ஒன்றாகச் சேர்த்துப் புரட்டிவிட்டேன். மோர்ப் பக்கம் அவன் கண்ணில் படவில்லை. அவன் அம்மாவின் சும்மாட்டின்மேல் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்தேன் அண்ணா. அவன் "ரொம்ப நன்றிம்மா" என்றான். அதற்குள் கன்னியம்மா கண்ணைத் திறந்து, மகனுடைய காலரைச் சரிசெய்து, காதில் என்னவோ சொல்லி அனுப்பினாள். தாயின் ஆசீர்வாதம் என்று நினைத்துக்கொண்டேன், என்னால் தலை நிமிர முடியவில்லை.

அரைமணி நேரம் கழித்து அவன் வந்தான். செக்குக் கேள்வி கேட்டார்களா என்றேன். "கேட்டாங்கம்மா. எனக்குத் தெரியாது சார், பெரியவங்களைக் கேட்டுத்தான் செய்வேன்னு சொல்லிட்டேன்" என்றான். போயிற்று, ஒரு பிள்ளையின் வாயிலிருந்த சோற்றைத் தட்டிவிட்டேன் என்று நோட்டை மூடிவிட்டேன்.

அப்புறம் ஞானதுரை போனான். இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டான். நடந்ததைப் பஸ்ஸில்தான் சொன்னான் (டிராம் நின்றுபோனதில் இருந்து ராயபுரத்துக்கு வருவது பெரிய பாடாக இருக்கிறது). இவன் உட்காருமுன்பே கண்ணாடிக்காரர் செக்குக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். இவன் வாயைத் திறந்ததும், "இரு அப்பா. மோர்தானே?" என்றாராம். ஆமாம் சார் என்றானாம். "நாலாம் நம்பரில் ஆரம்பித்து ஒன்பது தம்ளர் குடித்தாகிவிட்டது. ஒன்றில் ஐஸ்கூட இருந்தது. உன்னுடையது பத்தாவது தம்ளர். இது யார் வீட்டு மோர் அப்பா?" என் பிள்ளைக்குப் பொய் சொல்ல வராது. வளர்த்தவள் நான்தானே. "எங்க அம்மாதான் சார். அதோ, மரத்தடியில" என்று ஜன்னல் வழியாகக் கையைக் காட்டிவிட்டான். மூன்று அதிகாரிகளும் எழுந்து ஜன்னலண்டை வந்து என்னைப் பார்த்தார்கள்.

அந்தச் சமயம் மரத்தடியில் இருந்த எனக்கு இதெல்லாம் தெரியுமா? ஜன்னலில் மூன்று பெரிய மனுஷர்கள் என்னையே பார்க்கிறார்கள். பிள்ளையை எடுத்துக்கொண்டார்கள், பெற்றவளை மரியாதைக்காகப் பார்க்கிறார்கள் என்று நினைத்து, எழுந்து நின்று, முந்தானையைப் போர்த்திக்கொண்டு, மூன்று பேருக்கும் தனித்தனியாக மூன்று கும்பிடு போட்டேன். கண்ணாடிக்காரரும் பதிலுக்குக் கும்பிட்டார். அதை நினைக்கும்போதெல்லாம் இப்பொழுதும் காது சுடுகிறது.

வீட்டுக்கு வந்து அவரிடம் எல்லாம் சொன்னேன் (தாள் புரட்டியதைத் தவிர). அவர், "நல்ல பதில்தான் சுகிர்தம். ஒருத்தன் மட்டும் சொல்லியிருந்தா" என்றார். அப்புறம் சுவரைத் தடவிக்கொண்டு புழக்கடைக்குப் போனார். நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று கையை உதறிவிட்டார்.

முந்தானைக்குள் எதையோ இடுக்கிக்கொண்டிருந்தேனே என்று பார்த்தால் அது கன்னியம்மாவின் சும்மாடு. கலக்கத்தில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று தரம் சோப்புப் போட்டுத் துவைத்தாகிவிட்டது, வாசனை போகவில்லை. காசிமேடு கூப்பிடு தூரம்தான். திருப்பிக் கொடுக்கக் கால் வரவில்லை. ஜெபம் பண்ணக் கண்ணை மூடினால் மீன் வாசனை வருகிறது.

ஒரு வாரமாக யோசிக்கிறேன் அண்ணா. ஒன்பது பிள்ளைகளுக்கு நல்ல மனதோடு ஒன்றைச் செய்தேன், அது அவர்களைக் கெடுத்தது. ஒரு பிள்ளைக்குக் கெட்ட மனதோடு ஒன்றைச் செய்தேன், அது யாரைக் காத்தது? என் பிள்ளையையும் காக்கவில்லை. நல்லது செய்தபோது எனக்குள் இருந்தது நல்லதுதானா, அல்லது அந்த பேஷ் என்கிற வார்த்தையின் ருசியா என்றுகூட இப்போது சந்தேகமாக இருக்கிறது. எந்தப் பக்கத்தில் எதை எழுதுவதென்று தெரியாமல் நோட்டை நூலால் கட்டி அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டேன். இனி அதைத் திறப்பதில்லை, பிறத்தியார் பிள்ளைக்கு வாயைத் திறந்து யோசனை சொல்வதுமில்லை என்று முழங்காலில் நின்று பொருத்தனை பண்ணிக்கொண்டேன்.

ஆகையால் ஞானதுரையை வருகிற ஞாயிற்றுக்கிழமை இரவு மெயிலில் உங்களிடம் அனுப்பத் தீர்மானித்துவிட்டோம். ஸ்டோர் அதிகாரி முன்கோபி, பதினைந்தாம் தேதிக்குமேல் ஒரு நாள் பொறுக்கமாட்டார் என்று எழுதியிருந்தீர்கள். பங்காருப்பேட்டைக்கு நீங்களே வந்து அழைத்துக்கொள்ளுங்கள். அவனுக்குக் குளிர் தாங்காது. காலையில் எழுப்பினால் இரண்டாம் தரம்தான் எழுந்திருப்பான். அவனுடைய அப்பாவைப் பற்றிக் கேட்டால் சுகமாக இருக்கிறார் என்று மட்டும் சொல்லுங்கள்.

அண்ணியின் முழங்காலுக்கும், உங்கள் நெஞ்சுக்கும், உங்கள் கூரைக்குள் இருக்கிற அனைவருக்கும் தேவன் பெலன் தருவாராக. நீங்கள் பூமிக்கு அடியில் இறங்கும் நாட்களில் நான் இங்கே விளக்கை அணைக்காமல் வைத்திருப்பது வழக்கம்போல் நடந்துவருகிறது.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள தங்கை,
சுகிர்தம்

பின்குறிப்பு, 12-6-53, வெள்ளிக்கிழமை. இன்று காலை உறையை ஒட்டப் போகும் சமயத்தில் தெருமுனையில் "மோரம்மா வூடு எது?" என்று ஒரு குரல். எங்கள் தெருவார் சரியாகக் கையைக் காட்டியிருக்கிறார்கள். கன்னியம்மா, கையில் முழ நீள வஞ்சிரம். திருமலைக்குப் பாங்கியிலிருந்து ஆர்டர் வந்துவிட்டதாம்! எனக்குப் பாரம் இறங்கியதா ஏறியதா தெரியவில்லை. மீனை வாங்காமல், தாள் புரட்டியதை அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள்.

"தெரியும்மா. எனக்குப் படிக்கத்தான் தெரியாது, கையப் பாக்கத் தெரியாதா? ரெண்டு மீன ஒண்ணா எடுக்கற கைய நான் எத்தினி பாத்திருப்பேன்!"

"நீ தூங்கிக்கொண்டல்லவா இருந்தாய்?"

"மீன்காரி தூங்கினா கூடை கீதா? கண்ணத்தான் மூடிகினு இருந்தேன். உன் மோரு கதைய ஒம்போது தபா கேட்டாச்சு. காலைலேர்ந்து ஒரே மீன ஒம்போது தபா ஏலம் வுட்டா, பத்தாந் தபா எவன் கேப்பான்? அதான் எம் புள்ளை காதுல சொன்னேன். நைனா, மோரு மட்டும் சொல்லிடாதே, தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லிட்டு வந்துடுன்னு."

"ஞானதுரைக்கும் அதைச் சொல்லியிருக்கலாமே கன்னியம்மா!"

அவள் மீனைத் தரையில் வைத்தாள். "சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்பத்தான் நீ தாளத் திருப்பினே. மூடிக்கினேன்" என்றாள். பிறகு, "நீ ரெண்டு தாளு, நான் ஒரு வாயி. சரியாப் பூட்ச்சு. மீன எடுத்து உப்புப் போடு, எஞ் சும்மாட்டக் குடு" என்றாள். கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "சோப்பு நாத்தம் அடிக்குதே, இத எப்படித் தலையில வெக்கிறது" என்றாள்.

நான் பொருத்தனையை மீறி அரிசிப் பானைக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்து, ரெண்டு தாளு ஒரு வாயி என்று அவள் சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் எழுதிக்கொண்டேன். எந்தப் பக்கம் என்று யோசிக்கவில்லை, நடுவில் எழுதினேன்.

இன்னும் இருக்கிறது. அவள் உட்கார்ந்திருக்கும்போதே தபால்காரர் பாங்கிக் கார்டைக் கொண்டுவந்தார். மற்றப் பதின்மூன்று பேரும் பத்தொன்பதாம் தேதி மறுபடியும் இண்டர்வியூவுக்கு வரவேண்டுமாம்! உறவினர் எவரும் வெளிக்கேட்டைத் தாண்டக் கூடாது என்று தனியாகக் கோடு போட்டு எழுதியிருக்கிறது. ஆகவே ஞானதுரை திங்கட்கிழமை வரமாட்டான். நீங்கள் பங்காருப்பேட்டைக்குப் போகவேண்டாம். கேட்டுக்கு எதிர்ச்சாரியில் நிழல் இருக்கிறது, சும்மாடு நான் கொண்டு வருகிறேன் என்று கன்னியம்மா சொல்லியிருக்கிறாள்.

ஆனால் ஒரு பிசகு நடந்துபோயிற்று. கார்டைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பஷீர் சைக்கிளில் வந்து இறங்கி, "அம்மா, திருமலை மட்டும் எப்படி உள்ள பூந்தான்? அவன் இன்னா சொன்னான்?" என்று மூச்சு வாங்கக் கேட்டான். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும், தெரியாது என்று சொன்னான் அப்பா என்று சொல்லிவிட்டேன். இந்த முறை தாளைப் புரட்ட மனம் வரவில்லை. அவன் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மற்றவர்களுக்கும் சொல்ல அப்படியே திருவொற்றியூர்ப் பக்கம் மிதித்துக்கொண்டு போய்விட்டான். ஞானதுரை தலையில் கையை வைத்துக்கொண்டு, "அம்மா, பத்தொன்பதாம் தேதி பதிமூணு பேரும் 'தெரியாது'ன்னு சொல்லப் போறோம்" என்கிறான்.

ஆகையால் அண்ணா, ஸ்டோர் வேலையை இருபதாம் தேதிவரைக்கும் யாருக்கும் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதிகாரி கோபித்துக்கொண்டு வந்தால், மரியாதையாக நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு தம்ளர் மோர் கொடுங்கள்.